மட்டிக்குலை ஏலம்

ஆலயம் நிறைய ஜனங்கள் மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீலாபாய்க்கு நன்றி சொல்ல அவகாசம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, இன்னும் ஆறு நாள். இந்த ஆறு நாளும் எனக்க பிள்ளை ஒரு தப்பும் செய்யாம காப்பாத்தும். வேற ஒண்ணும் வேண்டாம்.

பிள்ளை என்றால் தொட்டில் பிள்ளை அல்ல. சுபினுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுப் புத்தியில் பாதியைக் கொண்டுபோனது என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்வதற்கென்ன, அதற்கு வாய் மட்டும்தானே இருக்கிறது! கஞ்சி வைப்பான், துணி துவைப்பான், விளையில் வாழைக்கு மண் அணைப்பான், மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குவான். கணக்கு மட்டும் விரல் விட்டுத்தான். அப்பா ஞானதாஸ் வாத்தியார் இருந்தவரை அவர் நிழலிலும், அவர் போன பிறகு அம்மா நிழலிலுமாக அவன் காலம் ஓடிவிட்டது.

இப்போது அம்மாவின் நெஞ்சில் வால்வு பழுது. இன்னும் எட்டு நாளில், அடுத்த வாரத் திங்கட்கிழமை, திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஜாஸ்பின் லீவில் வந்து இறங்கியதும் பேசிய முதல் பேச்சு, "உங்களுக்குப் பொறவு இவன யாரு பாப்பா?" என்பதுதான். பேச்சோடு நிற்கவில்லை. நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவனுக்கு இடமும் பிடித்துவிட்டாள்.

லீலாபாய் அழுதாள், பட்டினி கிடந்தாள். கடைசியில் தாயும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு மாதம் சுபின் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அம்மா மார்த்தாண்டத்தில் ஜாஸ்பின் வீட்டில் இருப்பாள். சுபின் கையில் எட்டாயிரம் ரூபாய். யாரிடமும் கை நீட்டாமல் அவனே வாங்கி, அவனே பொங்கி, வருகிற சனிக்கிழமை வரை ஓட்டிவிட்டால் காலம் முழுக்க அவன் தன் வீட்டிலேயே இருக்கலாம். எங்கேயாவது சறுக்கினால் இல்லம்.

சறுக்கவில்லையே, அதுதானே அதிசயம்! சமையலறையில் நாலு குப்பி வைத்திருந்தான். சாப்பாட்டுக்கு ஒன்று, கரண்டுக்கும் காஸுக்கும் ஒன்று, மருந்துக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று. ஒரு குப்பிப் பணம் இன்னொரு குப்பிக்குப் போகாது. மத்தி விலை ஏறிய வாரம் அவன் சாப்பாட்டுக் குப்பியைப் பார்த்துவிட்டு மரச்சீனிக் கிழங்கும் துவையலுமாகவே ஓட்டியதைக் கேட்டு ஜாஸ்பினே வாயடைத்துப் போனாள்.

போன வாரம் கள்ளன் வந்தபோது மட்டும் லீலாபாய்க்கு உயிர் போய் வந்தது. அந்தக் கள்ளன் வீட்டுக்கு எதிரே இருந்த கிருஷ்ணமணியின் பலசரக்குக் கடைப் பூட்டை உடைத்ததோடு போய்விட்டான். ஆனாலும் தாய் மனசு கேட்குமா? உடனே போனைப் போட்டாள்.

"மக்களே, வீட்டப் பூட்டிட்டு எங்க போனாலும் பைசாவ வீட்டுல வைக்காண்டாம். எல்லாத்தையும் உனக்க மேல வச்சுக்க. கேட்டியா?"

"ஓ அம்மா."

அவன் கேட்டான். அம்மா சொன்னால் அவன் எப்போதும் கேட்பான். அந்தக் கேட்கிற குணம்தான் இன்றைக்கு வினையாக வந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் ஆலய முற்றத்துப் பந்தலுக்கு வந்தார்கள். அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம் இல்லாமலா? வீட்டுக்கு வீடு கொண்டுவந்து படைத்த தேங்காய், சேனை, காச்சில், பூசணி, முட்டை, முந்திரிக்கொத்து, காலைக் கட்டிப்போட்ட சேவல் எல்லாம் மேசை மேல் குவிந்து கிடந்தன. இந்த ஏலத்தில் பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தேங்காய் ஆயிரத்துக்குப் போகும். கேட்பவன் மனசுக்குத்தான் விலை. பணம் ஆலயத்துக்குப் போகிறது, பிறகென்ன!

ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் சுபின் நின்றான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

"அம்மா, பாருங்க. இஸ்திரி போட்டிருக்கான்," என்றாள் ஜாஸ்பின்.

"அவனேதான் போட்டான். காலருக்கு முதல்ல போடணும்னு அவனுக்குத் தெரியும்," என்றாள் லீலாபாய். பெருமையை மறைக்க அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. "சனிக்கிழமை ஆனா நீ இல்லத்துக்காரங்களுக்கு போனப் போட்டு வேண்டாம்னு சொல்லிடு, என்ன?"

"சனிக்கிழமை ஆவட்டும்மா."

அவள் ஒன்றும் அரக்கி இல்லை. பகலெல்லாம் கறாராகப் பேசுவாள், படுத்ததும் தலையணையை நனைப்பாள். தாய்க்குத் தெரியாதா? அடுத்த மாதம் அவள் மஸ்கட் போயாக வேண்டும். அங்கே இருந்துகொண்டு தம்பிக்கு என்ன ஆச்சோ என்று ஒவ்வொரு போனுக்கும் நெஞ்சு பதற அவளால் முடியாது.

சபைச் செயலாளர் ஜான்ரோஸ் மைக்கைப் பிடித்தார். அவர் தொண்டைக்கு மைக்கே வேண்டாம்.

"அடுத்து மட்டி வாழைக்குலை! நம்ம ஞானதாஸ் சாருக்க விளையில விளைஞ்சது. தம்பி சுபின் தனியா நின்னு வெட்டித் தோள்ல சுமந்து கொண்டு வந்தது. எறநூறு ரூவா! எறநூறு!"

"முந்நூறு," என்றான் சுபின்.

லீலாபாய்க்குத் திக்கென்றது. ஆனால் அது அவ்வளவு ஆச்சரியமும் இல்லை. ஞானதாஸ் வாத்தியார் ஒவ்வொரு வருடமும் தன் விளைக் குலையைப் படைத்துவிட்டுத் தானே ஏலத்தில் பிடிப்பார். ஆண்டவருக்குக் கொடுத்ததை விலை கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டும், அடுத்தவன் வீட்டுக்கு விடக்கூடாது என்பது அவர் பிடிவாதம். முந்நூறோ நானூறோ போகட்டும், காணிக்கைக் குப்பியில் அந்த அளவுக்கு இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"ஐநூறு!" பின்னால் இருந்து ஒரு குரல். துபாயில் இருந்து லீவில் வந்திருக்கும் ஷிஜின். அவனுக்குக் குலையும் வேண்டாம், காயும் வேண்டாம். ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். பண்டிகை ஏலத்தில் இது எப்போதும் நடக்கிற கூத்துதான்.

"அறுநூறு," என்றான் சுபின்.

"எண்ணூறு!"

"ஆயிரம்."

"ஆயிரத்தி எறநூறு! விடாதல மக்கா!" ஷிஜின் சிரித்தான். கூட நின்ற பயல்கள் விசில் அடித்தார்கள்.

போதும், விட்டுவிடு என்று சொல்ல லீலாபாய்க்கு வாய் எழவில்லை. பெண்கள் கூட்டத்தில் எட்டி நின்று மகன் கண்ணில் படும்படி வலது கையை உயர்த்தி ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

ஜான்ரோஸ் கண்ணில் அந்தக் கை பட்டது.

"அட, லீலாபாய் அக்கா கேக்குது! ஆயிரத்தி ஐநூறு! அம்மைக்கும் மோனுக்கும் போட்டி!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. லீலாபாய் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஏலத்தில் கை தூக்கினால் கேட்டதாக அர்த்தம் என்பது இந்த ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அறுபத்தைந்து வயசுக்காரிக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லையே! பதற்றம் வந்தால் புத்தி எங்கே நிற்கிறது?

சுபின் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்குக் குலை வேண்டுமாம்!

"அம்மா, நீ கேக்காண்டாம்! நான் பிடிச்சுத் தாறேன்! ஆயிரத்தி அறுநூறு!"

"ரெண்டாயிரம்!" என்றான் ஷிஜின்.

சுபின் பந்தக்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சட்டைப் பையில் இருந்த நோட்டுகளை எண்ணினான். உதடு அசைந்தது. பிறகு இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டான். திரும்பி வந்து நிமிர்ந்து நின்றான்.

"ரெண்டாயிரத்தி அறுநூறு. எனக்க பைசா அவ்வளவுதான் உண்டு."

ஷிஜின் சிரிப்பு நின்றது. "விட்டேன் அண்ணாச்சி," என்று பின்வாங்கினான்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

கைதட்டல் ஓய்வதற்குள் சுபின் மேசைக்குப் போய் நோட்டுகளை அடுக்கி வைத்தான். ஜான்ரோஸ் பதறினார். "லே மக்கா, இப்பத் தராண்டாம். கிறிஸ்துமசுக்குள்ள தந்தாப் போதும். எல்லாரும் அப்பிடித்தானே?"

"அப்பா கடன் வைக்க மாட்டாரு," என்றான் சுபின்.

போதகர் வந்து அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என்ன பக்தி, என்ன பக்தி! ஜாஸ்பின் மட்டும் அம்மா பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சுதா அம்மா?"

"ஏட்டி, கோவிலுக்குக் கொடுத்ததுக்கா..."

"முடிஞ்சுதா, இல்லையா?"

லீலாபாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன வருசம் உனக்க மாப்பிள ஒரு சேவல பன்னெண்டாயிரத்துக்குப் பிடிச்சாரே, அது என்னதாம்? அந்தப் பைசா இன்னும் கெட்டல்ல. அவரு செய்தா பக்தி, எனக்க பிள்ளை செய்தா பைத்தியமா? ஷிஜின் ஏத்திவிட்டான், நான் கெட்டவ கையத் தூக்கினேன். இவன் என்ன செய்தான்? மத்தவங்கள மாதிரி கடன் சொல்லிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நேர்மையா எடுத்து வச்சான் பாரு, அதுதான் குற்றம்!"

"குற்றம்னு நான் சொல்லல்லம்மா," என்றாள் ஜாஸ்பின். "அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும். இவனுக்கு நாளைக்குப் பால் வாங்கப் பைசா எங்க? மருந்து செவ்வாய்க்கிழமை தீருது. மருந்து முட்டினா இவனுக்கு வலிப்பு வரும். பக்தியா கொடுத்தான், சரி. வலிப்பு வந்து அடுக்களையில கிடந்தா யாரு பாப்பா? ஷிஜினா வருவான்?"

நியாயம் இருக்கிற இடத்தில் சண்டை போட்டு என்ன பிரயோசனம்?

"நான் இல்லத்துக்குப் பேசிட்டு வீட்டுக்கு வாறேன். நீங்க அவனக் கூட்டிட்டு முன்ன போங்க," என்று போனை எடுத்துக்கொண்டு ஜாஸ்பின் மதிலோரம் போனாள்.

ஆட்டோவில் சுபினுக்கு வாய் மூடவில்லை. மடியில் குலை. "அம்மா, ஷிஜின் விட்டுட்டான் பாத்தியா? அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"உன்னக் கெட்டிப் பிடிப்பாரு மக்களே."

"நீ ஏன் அழுகா?"

"புகை கண்ணுல பட்டுது."

வீட்டுக்கு வந்ததும் அவன் குலையைச் சீப்பு சீப்பாக அறுத்தான். அப்பா செய்த மாதிரியே அக்கம்பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் சீப்பு எதிர்த்த கடைக் கிருஷ்ணமணிக்கு. அவன் வாசல் தாண்டியதும் லீலாபாய் சமையலறைக்கு ஓடினாள்.

நாலு குப்பியும் காலி. வீட்டில் பைசா வைக்காதே என்று சொன்னது யார்? அவள்தான். ஏலத்தில் கை தூக்கியது யார்? அவள்தான். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது பெற்றவளேதான்! நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் வழி ஒன்று இருந்தது. பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதில் ஐம்பதாயிரம் ரூபாய். ஆப்பரேஷனுக்கு முன்பணமாகக் கட்ட வேண்டிய பணம். போன செவ்வாய்க்கிழமையே திருவனந்தபுரம் போய்க் கட்டிவிட்டேன் என்று அவள் ஜாஸ்பினிடம் சொல்லியிருந்தாள். கட்டவில்லை. பஸ் ஏறப் போனவள் ஏறாமல் இங்கே வந்து பீரோவில் வைத்துப் பூட்டாமல் போய்விட்டாள். "மக்களே, இது அம்மைக்க ஆப்பரேசன் பைசா. நீ தொடாண்டாம். அக்காகிட்ட சொல்லாண்டாம்," என்று சுபினிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அதிலிருந்து ஒரு மூவாயிரத்தை எடுத்துக் குப்பிகளில் போட்டுவிட்டால்? வீட்டில் மிச்சம் வைத்திருந்தான் என்று சொல்லிவிட்டால்? ஜாஸ்பின் என்ன கண்டாள்! தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது சாண் என்ன, முழம் என்ன?

பீரோவைத் திறந்து சேலைகளுக்கு அடியில் கையை விட்டாள்.

பை இல்லை.

ஒவ்வொரு சேலையாக உதறினாள். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கட்டிலுக்கு அடி. இல்லை. கள்ளனா? அல்லது பிள்ளை... அல்லது பிள்ளை யாருக்காவது கொடுத்துவிட்டானா? நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். கர்த்தாவே, ஜாஸ்பின் சொன்னதுதான் சரியா? நான்தான் குருட்டுத் தாயா?

"அம்மா!" சுபின் ஓடிவந்தான். "என்ன அம்மா? மாத்திரை எடுக்கட்டா?"

"பை... மஞ்சப் பை... எங்கல?"

"இஞ்ச உண்டு." அவன் சட்டையைத் தூக்கினான். பனியனுக்கு அடியில் இடுப்பைச் சுற்றித் துண்டு. துண்டுக்குள் மஞ்சள் பை. வேர்வையில் நனைந்திருந்தது.

"நீதான் சொன்னா. வீட்டப் பூட்டிட்டுப் போனா எல்லாத்தையும் மேல வச்சுக்கன்னு. தொடாண்டாம்னும் சொன்னா. ஆனா கள்ளன் வந்தா அவன் தொடுவான்லா? அதுனால நான் எடுத்தேன். தப்பா?"

லீலாபாய் அவனையே பார்த்தாள். ஏலம் நடந்த நேரம் முழுக்க இவன் இடுப்பில் ஐம்பதாயிரம் இருந்திருக்கிறது. ஷிஜின் இரண்டாயிரம் என்றபோது இடுப்பைத் தொட்டானே, அப்போது.

"மக்களே, ஷிஜின் இன்னும் ஏத்திருந்தா நீ இதுல இருந்து எடுத்திருப்பியா?"

"அய்யே!" சுபினுக்குக் கோபமே வந்துவிட்டது. "இது உனக்க ஆப்பரேசன் பைசால்லா? எனக்க பைசா தீந்தா தீந்துது. குலைய அவன் கொண்டு போவட்டும்."

அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது லீலாபாய்க்கு. நேரம் இல்லை. வாசலில் எந்த நிமிடமும் ஆட்டோ வந்து நிற்கும். பையை வாங்கி முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை உருவினாள். சமையலறைக்கு ஓடி நாலு குப்பியிலும் திணித்தாள். அவசரத்தில் ஒரு மூடி உருண்டு அடுப்படிக்குள் போனது.

"அம்மா, என்ன செய்யா?" சுபின் பின்னாலேயே வந்து நின்றான். "அது மருந்துக் குப்பி. ஆப்பரேசன் பைசாவ அதுல போடக் கூடாது."

"பேசாம இருல. அக்கா கேட்டா இது நீ மிச்சம் வச்சதுன்னு சொல்லணும். அம்மை தந்தேன்னு சொல்லாண்டாம். உனக்கு இந்த வீட்டுல இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும்."

"பின்ன சொல்லாண்டாம்."

செருப்புச் சத்தம் கேட்டது. ஜாஸ்பின் நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குப்பிகளைப் பார்த்தாள். நாலிலும் பணம்.

"இது எப்பிடி?" கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவளும் தம்பி ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஏங்கியிருக்கிறாள், பாவம். "சுபின், நீ வீட்டுல வேற பைசா வச்சிருந்தியா? இது உனக்க மிச்சமா?"

சுபின் அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றான்.

"அம்மா தந்தா," என்றான். "தந்தான்னு சொல்லாண்டாம்னு சொன்னா. இது அம்மைக்க ஆப்பரேசன் பைசா."

"எந்த ஆப்பரேசன் பைசா? அது போன வாரமே கெட்டியாச்சு."

"இல்ல. கெட்டல்ல. பீரோவுல இருந்துது. நான்தான் காவல் வச்சிருந்தேன்."

மஞ்சள் பை மேடை மேல் வாய் திறந்து கிடந்தது. ஜாஸ்பின் அதை எடுத்துப் பார்த்தாள்.

"பைசா கெட்டாம எப்பிடி அம்மா திங்கட்கிழமை தியேட்டர் தருவாங்க? டேட்டு போச்சுன்னா அடுத்த டேட்டு எப்பக் கிட்டும்னு தெரியுமா? எதுக்கு அம்மா? எதுக்கு இப்பிடிச் செய்தீங்க?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? லீலாபாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவன் தோத்தா நான் ஆப்பரேசனுக்குப் போவல்ல. அதுக்குத்தான் கெட்டல்ல. இவன இல்லத்துல விட்டுட்டு நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வர? இருக்கும் மட்டும் இவன்கூட இருந்துட்டுப் போறேன். நீ போ ஜாஸ்பின். உனக்க லீவு தீருது. எங்கள விட்டுரு."

"இருக்கும் மட்டும்னா எத்தற நாளு? டாக்டர் சொன்னது உங்க காதுல விழல்லியா? தள்ளிப்போட்டா வருசம் தாண்டாதுன்னு சொன்னாரே! அதுக்குப் பொறவு இவன் யாருகூட இருப்பான்?" ஜாஸ்பின் கத்தினாள். கத்தியவள் அப்படியே சுவரில் தலையை முட்டிக்கொண்டு விம்மினாள். "நாளைக்குக் காலையில வேன் வருது அம்மா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

சுபின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பெண்கள் அழுதால் யார் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அக்காவின் தோளைத் தொட்டான்.

"அக்கா. ஆப்பரேசன் செய்யல்லன்னா அம்மா செத்துப் போவுமா?"

ஜாஸ்பின் பொய் சொல்லப் பார்த்தாள். தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

சுபின் குப்பிகளைத் திறந்தான். சாப்பாட்டுக் குப்பி, கரண்டுக் குப்பி, மருந்துக் குப்பி, காணிக்கைக் குப்பி. ஒவ்வொன்றிலிருந்தும் நோட்டுகளை எடுத்து நீவி மஞ்சள் பையில் திரும்ப வைத்தான். முடிச்சுப் போட்டான். பையை அம்மா பக்கம் நீட்டவில்லை. அக்கா கையில் வைத்தான்.

"நாளைக்கு நீ போயிக் கெட்டிரு. அம்மைகிட்ட தராண்டாம்."

பிறகு தாய்க்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, நான் இல்லத்துக்குப் போறேன். நீ ஆப்பரேசனுக்குப் போ."

"மக்களே, நீ ஒண்ணும் போவாண்டாம். அம்மை இருக்கேன்லா..."

"நீ போனா நான் வேன்ல ஏறுவேன். நீ போவல்லன்னா நான் ஏற மாட்டேன். எனக்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. பைசாவும் தீந்துது." அவன் விரல்களைப் பார்த்தான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. "சுகமாயிட்டு வந்து என்னக் கூட்டிட்டு வா. வாழைக்குத் தண்ணி விடணும். கிருஷ்ணமணி அண்ணன்கிட்ட சொல்லி வைக்கேன்."

இந்த வீடு வேண்டும் என்றுதானே ஒரு மாதமாகத் தனியாகப் பொங்கித் தின்றான்! காலையில் ஒரு குலைக்குக் கையில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தவன், இப்போது தாய்க்குத் தன் வீட்டையே எடுத்து வைக்கிறான். இவனுக்கா கொடுக்கல் வாங்கல் தெரியாது?

"சுபின்," என்று ஜாஸ்பின் கூப்பிட்டாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தம்பியைப் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். அவள் போன் அடித்தது. இல்லத்துக்காரர்கள். அவள் எடுக்கவில்லை.

அம்மா பதில் சொல்லாமல் இருப்பதைப் பார்த்தான் சுபின். காலையில் பந்தலில் பதில் வராதபோது ஜான்ரோஸ் அண்ணன் என்ன செய்தார் என்பது அவனுக்கு ஓர்மை வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"ஒரு தரம்," என்றான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டு தரம்."

மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். லீலாபாய் தன் வலது கை இந்தத் தடவை உயர்ந்துவிடாதபடி இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.